போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? முதலில் உங்கள் துறை எப்படி ஆள் எடுக்கிறது என்று பாருங்கள்

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, போஸ்ட்டாக் வேலைகள், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்யும் குறிப்பிட்ட கால ஆய்வுப் பணிகள், எந்தத் தளத்தில் வருகின்றன என்பதுதான். நியாயமான கேள்வி, பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் துறையில் போஸ்ட்டாக் ஆட்களை எப்படி எடுக்கிறார்கள், எந்த மாதத்தில் எடுக்கிறார்கள்? உயிரியல் சீனியர் ஒருவர் சொல்லும் யோசனையைக் கணிதத்தில் இருப்பவர் அப்படியே பின்பற்றினால் ஒரு வருடம் கையை விட்டுப் போய்விடும். விளம்பரத்துக்காகக் காத்திருப்பது வானியலில் சரியான வழி, மூலக்கூறு உயிரியலில் அது பாதி வாய்ப்புகளைக் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். திறமையும் நல்ல பேப்பரும் இருந்தும் இந்த ஒரு விஷயம் தெரியாமல் தடுமாறுபவர்கள் நிறைய. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

போஸ்ட்டாக் என்ற பெயரில் மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன. முதல் வகையில், ஒரு பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, வாங்கியிருப்பார், அதைச் செய்ய ஆள் தேவை, உங்களை எடுக்கிறார். என்ன ஆய்வு என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும், சம்பளம் அந்த கிராண்ட்டிலிருந்து வரும், கிராண்ட் முடிந்தால் வேலையும் முடியும். இரண்டாவது வகையில், நீங்களே ஆய்வுத் திட்டம் எழுதி ஃபெலோஷிப் வாங்கி, அந்தப் பணத்தோடு ஒரு குழுவுக்குப் போகிறீர்கள். மூன்றாவது வகையில் துறையோ ஆய்வு நிறுவனமோ நேரடியாக எடுக்கும், தனி ஒரு பேராசிரியரின் திட்டத்தோடு கட்டப்பட்டிருக்காது. கணிதத்திலும் கோட்பாட்டு இயற்பியலிலும் வானியலிலும் இந்த மூன்றாவது வகை கணிசமாக உண்டு.

எது உயர்ந்தது என்று பலர் விவாதிப்பார்கள். என் கருத்து, முதல் வகையில் கிடைக்கும் நல்ல இடத்தை ஃபெலோஷிப் கனவுக்காகத் தட்டிவிடாதீர்கள். ஃபெலோஷிப் கௌரவமானதுதான், சுதந்திரமும் தருகிறது. ஆனால் போட்டி கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு 2025-ல் 17,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதற்கும் விண்ணப்பியுங்கள், அதே சமயம் கிராண்ட் வேலைகளையும் தேடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடை இல்லை.

எப்போது தொடங்குவது

பட்டம் கையில் வருவதற்கு ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு முன்பே. இது அதிகமாகத் தோன்றலாம். பேராசிரியரோடு பேச்சு தொடங்கி உடன்பாடு வர இரண்டு மூன்று மாதம், ஃபெலோஷிப் என்றால் எழுத இரண்டு மாதம், முடிவு வர நான்கைந்து மாதம், அப்புறம் விசாவுக்கு ஒன்றிரண்டு மாதம் என்று கூட்டிப் பாருங்கள், ஓராண்டு ஓடிவிடும். கணிதம், வானியல், உயர் ஆற்றல் இயற்பியல் கோட்பாடு ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கறாரானது. அங்கே விண்ணப்பக் காலம் என்று ஒன்று இருக்கிறது, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. அதைத் தவறவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இடங்கள் வரும்.

தேடத் தொடங்கும் முன் அரைப் பக்கம் எழுதுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறீர்கள், அதற்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் திறமை என்ன, புதிதாகக் கற்க வேண்டியது என்ன. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் தேடினால் கண்ணில் படும் எல்லா விளம்பரமும் பொருத்தமாகத்தான் தெரியும். முனைவர் பட்டத்தில் செய்ததையே வேறு ஊரில் செய்வதைவிட, கேள்வியை வைத்துக்கொண்டு முறையை மாற்றுவது, அல்லது முறையை வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றுவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் முதல் ஆண்டு முழுக்கக் கற்பதிலேயே போய்விடும், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் அது பெரிய இழப்பு.

துறைக்குத் துறை வழி வேறு

உயிரியல், உயிர்மருத்துவம், நரம்பியல் இவற்றில் பெரும்பாலான இடங்கள் தனிப் பேராசிரியர்கள் எடுப்பவை. ஆண்டு முழுக்க எடுப்பார்கள், நாள் கணக்கு கிடையாது. விளம்பரம் வருவதற்கு முன்பே, சில சமயம் விளம்பரமே வராமல், நேரடியாக எழுதியவருக்கு இடம் போய்விடுவது சாதாரணம். நேச்சர் கேரியர்ஸ், சயன்ஸ் கேரியர்ஸ் தளங்களையும் பாருங்கள். பரிணாம உயிரியலில் இருப்பவர்களுக்கு எவால்டிர், சூழலியலில் இருப்பவர்களுக்கு ஈகாலாக்-எல் என்று பல்லாண்டுகளாக அறிவிப்புகள் வரும் இடங்கள் இருக்கின்றன, அங்கே வருவது மற்ற தளங்களில் வராமலே போகலாம்.

வேதியியலும் பொருளறிவியலும் ஏறக்குறைய இதே மாதிரிதான், நேரடியாக எழுதுவதுதான் முதல் வழி. கணினிவழி வேதியியல், மின்னணுக் கட்டமைப்புக் கணக்கீடுகள் செய்பவர்கள் சை-கே வலையமைப்பின் வேலை அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். இங்கே நீங்கள் எந்தக் கருவியை, எந்த மென்பொருளை இயக்கத் தெரிந்தவர் என்பதற்கு மதிப்பு அதிகம். அதனால் சிவியில் "நிறமாலையியல் அனுபவம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்த வகைக் கருவி, நீங்களே அமைத்தீர்களா, பழுது பார்த்தீர்களா, தரவை அலசும் நிரலை எழுதினீர்களா என்று சொல்லுங்கள்.

இயற்பியல் ஒரே துறை போலத் தெரிந்தாலும் உள்ளே பல உலகங்கள். துகள் இயற்பியல், அண்டவியல், ஈர்ப்பலை இவற்றுக்கு, உயர் ஆற்றல் இயற்பியல் பேப்பர்களைத் தொகுக்கும் இன்ஸ்பயர் தளத்தின் வேலைப் பகுதிதான் எல்லோரும் பார்க்கும் இடம். கோட்பாட்டுப் பக்கம் பல விண்ணப்பங்கள் அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன் வழியாகப் போகும், பரிந்துரைக் கடிதங்களை ஒரு முறை ஏற்றினால் பல இடங்களுக்கு அதையே அனுப்பலாம். பெரிய கூட்டுச் சோதனைகளில் இருப்பவர்களுக்கு நூற்றுக்கணக்கானோர் பெயர் உள்ள பேப்பர்கள் இருக்கும். அதில் நீங்கள் செய்தது என்ன என்று தேர்வுக் குழுவுக்குப் பேப்பரைப் பார்த்துத் தெரியாது, பரிந்துரைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். திடப்பொருள், குவாண்டம் ஒளியியல் போன்ற மேசை அளவுச் சோதனைகளில் மறுபடியும் நேரடி மின்னஞ்சல் வழிதான்.

வானியலில் அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேடு மையமான இடம், அந்நாட்டுக்கு வெளியே உள்ள இடங்களும் அதில் வருகின்றன. நாசா ஹபிள் ஃபெலோஷிப் திட்டத்துக்கு வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் கடைசி நாள், மூன்று ஆண்டு வரை. இந்தத் துறையில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு: பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விண்ணப்பதாரரை நெருக்கக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. யாராவது ஜனவரியில் மூன்று நாள் கெடு கொடுத்தால் இதைப் பணிவாக நினைவூட்டலாம், அதில் தவறில்லை.

கணிதத்தில் அமெரிக்கக் கணிதச் சங்கம் நடத்தும் மேத்ஜாப்ஸ். அங்கே போஸ்ட்டாக் இடங்கள் பலவற்றில் பாடம் எடுப்பதும் வேலையின் ஒரு பகுதி என்பதால், ஆய்வு அறிக்கையோடு கற்பித்தல் அறிக்கையும் கேட்பார்கள், நீங்கள் வகுப்பெடுத்ததைப் பார்த்த ஒருவரின் கடிதமும் கேட்பார்கள். முனைவர் பட்டக் காலத்தில் ஒரு பருவமாவது பாடம் எடுத்து, மூத்த ஆசிரியர் ஒருவரை வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் இந்தக் கடிதத்தைத் தேடி அலைவது பெரும் சிரமம்.

கணினி அறிவியலில் நேராக உதவிப் பேராசிரியர் பணிக்கோ தொழில்துறை ஆய்வகங்களுக்கோ போக வாய்ப்புகள் இருப்பதால், ஏன் போஸ்ட்டாக் என்பதற்கு உங்களிடம் தெளிவான காரணம் இருக்க வேண்டும். புதிய உபதுறைக்கு மாறுவது நல்ல காரணம்.

பல்கலைக்கழகங்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனங்கள், ஜப்பானின் ரிக்கென், அமெரிக்காவின் ஆர்கான், ஓக் ரிட்ஜ், லாஸ் அலமோஸ் போன்ற தேசிய ஆய்வகங்கள் எல்லாம் போஸ்ட்டாக் எடுக்கின்றன. தேசிய ஆய்வகங்களில் சில வேலைகளுக்குக் குடியுரிமை நிபந்தனை இருக்கும், விளம்பரத்தின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தளங்கள் என்றால், ஐரோப்பாவுக்கு யூராக்செஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யூகே, ஜப்பானுக்கு ஜேரெக்-இன். மூன்றிலும் உங்கள் சொற்களை வைத்துத் தானியங்கி அறிவிப்பு அமைத்துவிட்டு, தினமும் போய்ப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தை அடுத்த பகுதியில் சொல்லப்போகும் வேலைக்குச் செலவிடுங்கள்.

பணம் வந்த இடத்தைத் தேடுங்கள்

பலரும் செய்யாதது இது, ஆனால் நேரடியாக எழுதும் துறைகளில் இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியாது. புதிய கிராண்ட் வாங்கிய பேராசிரியருக்கு ஆள் தேவைப்படும். யார் வாங்கினார் என்பது பல நாடுகளில் பொதுத் தகவல். அமெரிக்காவில், தேசிய சுகாதார நிறுவனங்களான என்ஐஹெச்சின் ரிப்போர்ட்டர், தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்பின் அவார்ட் சர்ச். ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்களுக்கு கோர்டிஸ். ஜெர்மனிக்கு கெப்ரிஸ். பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். இவற்றில் உங்கள் துறைச் சொற்களைப் போட்டு, தொடக்கத் தேதியை வைத்து வடிகட்டினால், கடந்த சில மாதங்களில் யாருக்கு எந்தத் திட்டத்துக்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் கிடைத்தது என்று வரிசையாக வரும், திட்டச் சுருக்கத்தோடு.

ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ஸ்டார்ட்டிங் கிராண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை, தன் குழுவைப் புதிதாகக் கட்டத் தொடங்கும் இளம் ஆய்வாளருக்கு. வெற்றி பெற்றவர்கள் பட்டியல் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் வெளிவரும். அந்தப் பட்டியலில் இருப்பவர் அடுத்த சில மாதங்களில் போஸ்ட்டாக் எடுக்கப்போகிறார் என்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் விளம்பரம் எழுத இன்னும் நேரம் கிடைத்திருக்காது. நீங்கள் எழுதும் மின்னஞ்சல் அப்போது போய்ச் சேர்ந்தால் அது தொந்தரவாக இருக்காது, அவர் வேலையைக் குறைக்கும்.

புதிதாகக் குழு தொடங்குபவரிடம் போவதில் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. உங்களோடு தினமும் பேசுவார், உங்கள் வெற்றி அவருக்கும் அவசியம். ஆனால் கருவிகள் வந்து இறங்கி லேப் ஓடத் தொடங்கவே ஓராண்டு ஆகலாம். உங்கள் ஒப்பந்தம் இரண்டே ஆண்டு என்றால் இதைக் கணக்கில் எடுங்கள்.

அந்த மின்னஞ்சல்

"மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மகத்தான ஆய்வுகளைப் படித்து வியந்தேன், உங்கள் குழுவில் சேர ஆவலாக உள்ளேன், சிவி இணைத்துள்ளேன்" என்ற மாதிரி மின்னஞ்சல் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்குப் போகிறது என்பது பெறுபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். திறக்காமலே அழிப்பார்கள். அதை அனுப்ப எடுத்த நேரம் முழுக்க வீண்.

வேலை செய்யும் மின்னஞ்சல் இரண்டு மூன்று சிறு பத்திகள்தான். தாவர உடலியலில் இருக்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொருள் வரியில்: "2026 இலையுதிர்காலத்தில் போஸ்ட்டாக் வாய்ப்பு: வேரில் கால்சியம் அலைகள், ஒளித்தாள் நுண்ணோக்கி". முதல் பத்தியில் யார், எங்கே, எப்போது பட்டம் முடிகிறது, இரண்டு வாக்கியம். இரண்டாவது பத்திதான் உயிர்: "உப்பு பட்ட வேரில் கால்சியம் அலை மேல்நோக்கிப் பரவுவதை உங்கள் அண்மைப் பேப்பர் காட்டுகிறது. பக்க வேர் கிளைக்கும் இடத்தில் அலை என்ன ஆகிறது என்பது அதில் இல்லை. முனைவர் ஆய்வுக்காக நான் வளரும் வேரைப் பல மணி நேரம் சேதமில்லாமல் படம் பிடிக்கும் ஒளித்தாள் நுண்ணோக்கி அமைப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறேன், அதைக் கொண்டு இந்தக் கேள்வியை அணுக முடியும் என்று நினைக்கிறேன்." கடைசியில்: "அடுத்த ஆண்டு உங்கள் குழுவில் இடம் இருக்குமா? இல்லையென்றால், ஃபெலோஷிப்புக்குச் சேர்ந்து விண்ணப்பிக்க விருப்பமா?" சிவியும் உங்கள் முக்கியமான பேப்பர் ஒன்றும் இணைப்பில். அவ்வளவுதான்.

இதில் புகழ்ச்சி எங்கும் இல்லை, கவனித்தீர்களா? அவர் செய்தது, அதில் மிச்சம் இருப்பது, உங்களால் ஆகக்கூடியது. இப்படி ஒன்றை எழுத, அவருடைய இரண்டு மூன்று பேப்பரையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும், அரை நாள் ஆகும். ஆகட்டும். இப்படிப் பத்துப் பேருக்கு எழுதுவது, ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

பதில் வராவிட்டால் பத்து நாள், இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுங்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் உங்கள் தகுதியோடு சம்பந்தமே இருக்காது, அவரிடம் பணம் இருக்காது, அல்லது மின்னஞ்சல் குவியலில் புதைந்திருக்கும். "இப்போது பணம் இல்லை" என்று ஒருவர் பதில் எழுதினால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபெலோஷிப் பற்றிக் கேளுங்கள், அல்லது வேறு யாரிடம் இடம் இருக்கும் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் மனமுவந்து பெயர் சொல்வார்கள். மாநாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுதி, உங்கள் போஸ்டரை வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். நேரில் பத்து நிமிடம் பேசியவரின் மின்னஞ்சலுக்குப் பதில் வரும்.

பரிந்துரைக் கடிதங்கள்

மூன்று பேர் தேவை. கைடு ஒருவர், மற்ற இருவர் உங்கள் வேலையை நெருங்கிப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். பெரிய பெயர் உள்ளவர் மூன்று வரியில் "நல்ல மாணவர்" என்று எழுதுவதைவிட, உங்களோடு ஒரு பேப்பர் எழுதிய இளம் பேராசிரியர் ஒரு பக்கம் விவரமாக எழுதுவது மிக மேலானது. ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரை அணுகலாம். ஒப்புக்கொண்டவருக்கு சிவி, ஆய்வு அறிக்கை, கெடு நாட்கள் உள்ள ஒரு பட்டியல், அவரோடு நீங்கள் செய்த வேலையைப் பற்றி ஐந்தாறு வரி நினைவூட்டல் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன் ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கைடோடு உறவு சரியில்லாத நிலை பலருக்கு உண்டு, இதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். கைடின் கடிதம் இல்லாவிட்டால் கேள்வி வரும் என்பது உண்மைதான். உங்கள் முனைவர் ஆய்வை மதிப்பிடும் குழுவில் உள்ள மற்றொரு பேராசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, அவருடைய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி நடுநிலையாக எழுதச் சொல்லலாம். அவர் சொன்னால் எடுபடும். நீங்களே விண்ணப்பத்தில் கைடைக் குறை சொல்லி எழுதாதீர்கள்.

விளம்பரத்தைப் படிப்பது

நான்கு விஷயத்தைத் தேடுங்கள்: எத்தனை ஆண்டு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது, சேரும் நாள், அந்த நாளில் பட்டம் கையில் இருக்க வேண்டுமா, ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தால் போதுமா. ஜெர்மன் விளம்பரத்தில் டிவி-எல் இ13, 100 சதவீதம் என்றிருந்தால் அது அரசுச் சம்பள அட்டவணையில் ஒரு நிலை, முழு நேர வேலை. அட்டவணை வெளிப்படையாகக் கிடைக்கும், சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தேவைப்படும் தகுதிகள் என்று எட்டு இருந்து உங்களிடம் ஐந்தாறுதான் இருக்கிறது என்றால் விண்ணப்பியுங்கள். "கட்டாயம்" என்று சொன்னது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டணம், விசா முன்பணம், ஒப்பந்தப் பதிவுக் கட்டணம் என்று தனிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் போஸ்ட்டாக் வேலை எதுவும் உண்மையானது இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணைய முகவரியில் அந்த விளம்பரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆவணங்களை அனுப்புங்கள்.

ஃபெலோஷிப் வழி

எல்லாவற்றுக்கும் அடிப்படை, உங்களை ஏற்கும் பேராசிரியர் ஒருவர் முதலில் வேண்டும் என்பது. கெடுவுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி வழக்கமாக செப்டம்பரில் மூடும், முடிவு பிப்ரவரியில். போகும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி, முனைவர் பட்டத்தையே அந்த நாட்டில் செய்தவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். மதிப்பெண் பாதி ஆய்வின் தரத்துக்கு, 30 சதவீதம் தாக்கத்துக்கு, 20 சதவீதம் செயல்படுத்தும் திட்டத்துக்கு. அறிவியல் பகுதியை அழகாக எழுதிவிட்டு மற்ற இரண்டையும் கடைசி இரவில் நிரப்புபவர்கள் அதில்தான் தோற்கிறார்கள். நீங்கள் போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி அலுவலகம் முந்தைய வெற்றி விண்ணப்பங்களைக் காட்டுமா என்று கேளுங்கள், பல இடங்களில் காட்டுவார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்கு மேல் வாங்கியும் பணம் கிடைக்காதவர்களுக்குத் தரச் சான்று ஒன்று தருவார்கள், அதை வைத்து நிதி கொடுக்கும் தேசியத் திட்டங்கள் சில நாடுகளில் உண்டு.

ஜெர்மனியின் ஹும்போல்ட் ஃபெலோஷிப்புக்குக் கெடு நாளே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். போஸ்ட்டாக் நிலைக்குப் பட்டம் வாங்கி நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். உயிர் அறிவியலில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் ஃபெலோஷிப்பும் அப்படித்தான், கெடு இல்லை, பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், வேறு நாட்டுக்கு மாற வேண்டும். ஹியூமன் ஃபிரன்டியர் சயன்ஸ் புரோகிராம் மூன்று ஆண்டு வரை தருகிறது, ஆனால் உங்கள் பழைய ஆய்விலிருந்து நன்றாக விலகிய புதுத் திட்டம் கேட்கிறது. இயற்பியல், கணிதம், கணினி படித்தவர்கள் உயிரியலுக்கு வர அதில் தனிப் பிரிவே இருக்கிறது. ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டுச் சங்கமான ஜேஎஸ்பிஎஸ் தரும் ஃபெலோஷிப் 12 முதல் 24 மாதம், பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்குள், விண்ணப்பத்தை அங்கே உள்ள பேராசிரியர்தான் தாக்கல் செய்வார். மகப்பேறு விடுப்பு, நோய் போன்றவற்றுக்கு இந்த ஆண்டுக் கணக்கில் பல திட்டங்கள் சலுகை தருகின்றன, தகுதி போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்யாமல் விதிகளைப் படியுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

நேர்காணல், உங்கள் பக்கக் கேள்விகள்

பெரும்பாலும் ஜூமில் ஒரு உரை, பிறகு குழுவில் உள்ளவர்களோடு தனித்தனியாகப் பேச்சு. உரையில் முனைவர் ஆய்வு முழுவதையும் திணிக்காதீர்கள். ஒரே கேள்வி, அதை எப்படி விடுவித்தீர்கள், அடுத்து இந்தக் குழுவில் என்ன செய்யலாம். கடைசி ஐந்து நிமிடம் அந்த அடுத்ததுக்கு ஒதுக்குங்கள், அவர்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

நீங்களும் அவர்களைத் தேர்வு செய்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். குழுவின் இணையப் பக்கத்தில் முன்னாள் உறுப்பினர்கள் பட்டியலைப் பாருங்கள், ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், அங்கே இருந்தபோது முதல் ஆசிரியராக பேப்பர் வந்ததா என்று தேடுங்கள். பட்டியலே இல்லாவிட்டால் பழைய பேப்பர்களில் உள்ள பெயர்களை வைத்துத் தேடலாம். அப்புறம் முன்னாள் போஸ்ட்டாக் இரண்டு பேரோடு பேசுங்கள், பேராசிரியர் கை காட்டியவர் ஒருவர், நீங்களாகக் கண்டுபிடித்தவர் ஒருவர். "அவர் நல்லவரா?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ஒரு வரைவு பேப்பரைக் கொடுத்தால் திருத்தித் தர எத்தனை நாள் எடுப்பார்? சோதனை தோற்றபோது எப்படி நடந்துகொண்டார்? விடுமுறை எடுத்தபோது என்ன சொன்னார்? போகும்போது உங்கள் திட்டத்தைக் கொண்டுபோக விட்டாரா? இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் யோசித்து, சொற்களை எண்ணிப் பேசினால், போனில் பேசலாமா என்றால், அதையும் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை, அதாவது திட்டத்தைக் கொண்டுபோவது பற்றி, பேராசிரியரிடமே சேரும் முன்பு கேட்டுவிடுங்கள். பின்னாளில் சொந்தக் குழு தொடங்க விரும்புபவர்களுக்கு இதைவிட முக்கியமான பேச்சு வேறில்லை. தெளிவாகப் பதில் சொல்பவர், அந்தப் பதில் "இந்தப் பகுதி என்னுடையது, அந்தப் பகுதி உங்களுடையது" என்று இருந்தாலும், நம்பத் தகுந்தவர். இந்த விசாரணையில் சிவப்புக் கொடி தெரிந்தால், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் ஏற்காதீர்கள். மோசமான குழுவில் இரண்டு ஆண்டு என்பது உடலையும் மனதையும் உடைக்கும், பேப்பரும் வராது.

இடம் கிடைத்த பிறகு

வாய்மொழியாகச் சொன்னது போதாது, எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்த காலம், சம்பளம், நீங்கள் ஊழியரா அல்லது உதவித்தொகை பெறுபவரா. இந்தக் கடைசி வித்தியாசம் சின்னது போலத் தெரியும், ஆனால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வரி எல்லாம் அதைப் பொறுத்தது. குடும்பத்தோடு போகிறவர்கள் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உள்ள விசாவா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இடம்பெயரும் செலவு தருவார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். முடிவு சொல்ல ஒன்று இரண்டு வாரம் கேட்பது வழக்கமான ஒன்று. அந்த நேரத்தில், பதிலுக்குக் காத்திருக்கும் மற்ற இடங்களுக்கு "எனக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, இந்த நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். ஏற்றுக்கொண்ட அன்றே மீதி விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுங்கள், உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். பரிந்துரை எழுதிய மூவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்.

சேரும் நாளைப் பேசும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். முனைவர் ஆய்விலிருந்து எழுதி முடிக்காத பேப்பர் ஒன்று பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும். புதிய இடத்தில் சேர்ந்த பிறகு மாலை நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் புதிய லேபும் புதிய நாடும் அந்த மாலைகளை எடுத்துக்கொள்ளும், பேப்பர் இரண்டு ஆண்டு கிடக்கும். விசா வரத் தேவைப்படும் காலத்துக்கு மேல் ஒரு மாதம் சேர்த்துக் கேளுங்கள், அந்த மாதத்தில் அதை எழுதி அனுப்பிவிட்டு, தரவுகளையும் நிரல்களையும் கைடின் சம்மதத்தோடு பிரதி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.